தலைவர் வாங்கிப்போன படம்

2025 ஏப்ரல் 8, செவ்வாய்

அடுப்புக்கு நேர் மேலே மறுபடியும் ஒழுகியது. சோற்றுப் பானையை நகர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் வாளியை வைத்தேன். நாலு வருசமாக அதே ஓட்டை. தேயிலைத் தோட்டக் கம்பெனி ஆளைக் கேட்டால், தனி வீடு வரப்போகுது, பழைய லயத்து வீட்டுக்கு எதுக்குத் தகரம் என்கிறான். தனி வீடு தருகிறேன் என்றவர்களைக் கேட்டால், கம்பெனி இன்னும் காணி விடவில்லை என்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், வாளி நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

இந்த டயரி தொழிற்சங்கம் கொடுத்தது. மட்டையில் பெரிய தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எழுத வராது. கலண்டர் தாளைக் கிழித்து மேலே ஒட்டிவிட்டேன். மூன்றாம் வகுப்பு படித்தவளுக்கு டயரி எதற்கு என்று என் மகள் அழகம்மா கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் "நீயா சேத்துச் சொல்ற" என்கிறாளே, அதற்குத்தான். எழுதி வைக்கிறேன். பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

செல்லசாமி வந்தான். எங்கள் டிவிசன் சங்கத் தலைவர். ராக்காயி மகன். ராக்காயி வீட்டு ஆட்கள் என் வாசலில் கால் வைப்பதில்லை. இவன் மட்டும் தலைவர் வேலையாக வந்தால் வைப்பான்.

ராக்காயியோடு நான் பேசி நாற்பத்தொரு வருசம் ஆகிறது. எண்பத்து நாலு, ஐப்பசி மழை, ஏழாம் நம்பர் மலை. வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த என் மகன் சிவசாமிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து கூப்பிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், பக்கத்து நிரையில் நின்ற ராக்காயி என் நிரைக்குள் வந்து ஏழு செடியின் கொழுந்தை எடுத்துக்கொண்டாள். அந்தி தராசில் எனக்கு இரண்டு கிலோ குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டார். விடிந்ததிலிருந்து நனைந்தவளுக்குப் பாதி நாள் சம்பளம். அவளுக்கு முழுப் பேர். அந்த ஏழு செடியும் எது எது என்று இன்றைக்குப் போய்த் தொட்டுக் காட்டுவேன்.

அது கிடக்கட்டும். செல்லசாமி சொன்னது:

"அத்தை, சிவசாமி மச்சான் படம் ஒன்னு வச்சிருப்பீங்களே."

"எதுக்கு?"

"நம்ம யோகேஸ்வரன் ஐயா எலெக்சன்ல சபைக்குக் கேக்குறாரு. மலையகத்துல இருந்து வடக்க வேலைக்குப் போயி காணாமப்போன ஆளுங்க பட்டியல் எடுக்குறாரு. படத்தோட கொழும்புக்குக் கொண்டுபோயி பெரிய எடத்துல குடுக்கப் போறாரு. பதினாறு வருசமா யாரு வந்து கேட்டா, சொல்லுங்க."

யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

தொண்ணூற்றெட்டில் அடையாள அட்டைக்காக அட்டன் ஸ்டூடியோவில் எடுத்த படம். மூன்று பிரதி. ஒன்று அட்டையில் ஒட்டி அவனோடு போய்விட்டது. ஒன்று பொலிஸில் முறைப்பாடு எழுதியபோது வாங்கி வைத்தார்கள், இப்போது அந்தக் கோப்பே இல்லை என்கிறார்கள். மூன்றாவதுதான் என்னிடம் இருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். படம் எடுக்கப் போன காலையில் அவன் சட்டையில் மேல் பட்டன் இல்லை. என் அப்பாவின் பழைய கோட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தைத்துவிட்டேன். பெரிய பட்டன். "அம்மா, இது சட்டைக்கா சாக்குக்கா" என்று சிரித்தான். அழகம்மாவிடம் சொன்னால், அப்படி ஒரு பட்டனை நான் பார்த்ததே இல்லை என்கிறாள். படத்தில் அது கடுகு மாதிரித்தான் தெரியும், ஆளுக்கு எப்படித் தெரியும்.

பிறப்புச் சான்றிதழோ கல்யாணப் பதிவோ சேமலாப நிதித் தாளோ, எதுவாக இருந்தாலும் தலைவர் கையில் கொடுப்பதுதான் தோட்டத்துப் பழக்கம். எங்கள் அப்பா காலத்தில் கங்காணியிடம் கொடுத்தார்கள். கை தானாக நீண்டுவிட்டது. ஒரு போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. பொங்கல் வைத்தோம். படம் வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பேத்தி பிரேமினி பழைய துரை பங்களாவில் வேலை செய்கிறாள். இப்போது அது கம்பெனி நடத்தும் ஹோட்டல். வாசலில் நின்று வெள்ளைக்காரர்களுக்குச் சாவி கொடுக்கிற வேலை. அவள் வந்து ஒரு செய்தி சொன்னாள். கொழுந்து எடுக்கிற வயசான பொம்பிளை ஒருத்தி அவர்களுக்கு வேண்டுமாம். கூடையோடு நிற்க வேண்டும். விருந்தாளிகள் படம் எடுப்பார்கள். காலையில் மூன்று மணி நேரம், ஒரு நாள் பேர்.

"நாப்பத்திரெண்டு வருசம் எடுத்தப்போ ஒரு நாயும் படம் எடுக்கல. இப்ப என்ன?"

"அம்மாச்சி, இப்ப எடுக்கிற அக்காமாருல்லாம் தொப்பியும் ஜம்பரும் போட்டுருக்காங்களாம். அது படத்துல அழகா வரலயாம். ஒங்க மூக்குத்தி இருக்குல்ல, அதான்."

எனக்கு அட்டனுக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். செல்லசாமியை நம்பிக் காத்திருந்தால் படம் வராது போலிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

செல்லசாமியை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துப் பக்கம் பிடித்தேன். "படம் பத்திரமா இருக்கு அத்தை. மேதினத்தன்னைக்குக் கூட்டத்துக்கு வாங்க, ஐயாவே கையில குடுப்பாரு" என்றான். பத்திரமா என்று சொல்லும்போது இவன் காதைச் சொறிகிறான். சின்ன வயசிலும் பொய் சொன்னால் காதைச் சொறிவான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஹோட்டலில் முதல் நாள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அட்டைக் கடிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன், இந்தப் புல்லில் அட்டை இல்லையாம், மருந்தடித்து வைத்திருக்கிறார்களாம். ஏழாம் நம்பர் மலைக்கு இந்த மருந்தை ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நான் நின்ற செடிகளில் கொழுந்தே எடுப்பதில்லை. படத்துக்கு மட்டும் வளர்க்கிறார்கள். இல்லாத கொழுந்தை எடுக்கிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரி கிட்டே வந்து ஏதோ கேட்டாள். கூட வந்த பையன் தமிழில் சொன்னான்: "நீங்க சந்தோசமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க."

"அவங்க சாப்பிட்டாங்களான்னு நான் கேட்டேன்னு சொல்லு."

அவன் இங்கிலீசில் நீளமாக எதையோ சொன்னான். நான் சொன்னது நாலு வார்த்தைகூட இல்லை. அவர்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். என்ன சொல்லித் தொலைத்தானோ.

மே 1, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

மேதினக் கூட்டத்துக்கு லொறியில் ஏற்றிப் போனார்கள். இரண்டு பேருக்கு ஒரு சோற்றுப் பார்சல். அழகம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தாள். நான் மேடையைப் பார்த்தேன்.

என் மகன் நிற்கிறான். எங்கள் வீட்டுக் கதவு உயரத்துக்குத் தலை மட்டும். பேனரில் ஒரு பாதி அவன் முகம், மறு பாதி யோகேஸ்வரன் கும்பிட்டுக்கொண்டு. அடியில் எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டினேன். "போரிலே உயிர் தந்த மலையக மறவன் சிவசாமி." இன்னொரு தரம் கூட்டினேன். அழகம்மாவைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள். பார்சலை மூடிவிட்டாள்.

உயிர் தந்தானாம். யாருக்குத் தந்தான்? எப்போ தந்தான்? ஒனக்கு வந்து சொன்னானா?

காணாமல்போனவன் என்றுதானே கொடுத்தேன். பதினாறு வருசமாக எந்தத் தாளில் கேட்டாலும், எவன் மிரட்டினாலும், செத்துவிட்டான் என்று என் வாயால் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. திவசம் கொடுக்கவில்லை. படத்துக்குப் பூ போட்டதில்லை. இவர்கள் அச்சடித்து மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். மாலையையும் அச்சிலேயே போட்டிருக்கிறார்கள், காசு மிச்சம்.

யோகேஸ்வரன் பேசினான். சுரண்டலை ஒழிப்போம் என்றான். கம்பெனி சுரண்டல், கொழும்புச் சுரண்டல், தராசுச் சுரண்டல். எண்ணினேன், பதினாலு தரம். பதினாலாவது தரம் முடிந்ததும் "இந்த மாவீரனைப் பெத்த தாயை மேடைக்கு அழைக்கிறேன்" என்றான். செல்லசாமி வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பொன்னாடை போட்டார்கள். சனம் கைதட்டியது. ஹோட்டலில் கூடையோடு நின்ற மாதிரியே நின்றேன். ஏன் நின்றேன்? ஏன் மைக்கைப் பிடுங்கவில்லை? ஏழு செடிக்கு நாற்பத்தொரு வருசம் பேசாமல் இருக்கத் தெரிந்தவளுக்கு அந்த இடத்தில் பேசத் தெரியவில்லை.

படத்தை யாரும் கையில் கொடுக்கவில்லை.

மே 2, வெள்ளி

பொன்னாடையால் அடுப்படியைத் துடைத்தேன். தண்ணீரை இழுக்கவே இல்லை. அதற்கும் ஆகாத துணி.

மே 3, சனி

செல்லசாமி வீட்டுக்கு நான் போகமாட்டேன். தேயிலை ஸ்டோர் பாதையில் மறித்தேன்.

"யாருடா செத்தான்?"

"அத்தை, மெதுவா பேசுங்க."

"தலைவரே, நான் மெதுவாத்தான் பேசுறேன். யாரு செத்தான்னு கேட்டேன்."

"காணாமப்போனவன்னு போட்டா சனம் கைதட்டாது அத்தை. உயிர் குடுத்தவன்னு போட்டாத்தான் தட்டும். ஐயா ஆபீஸ்ல சொன்னாங்க, நான் என்ன பண்ண."

"ஒன் தம்பி முத்துவேலும் சிவசாமியோட அதே லொறியிலதான் வடக்க போனான். அவனும்தான் வரல. அவன் படத்தைப் போட்டிருக்க வேண்டியதுதானே."

காதைச் சொறியவில்லை. தரையைப் பார்த்தான்.

"மொதல்ல ஆத்தாகிட்டதான் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுருச்சு. 'என் பிள்ள ஒன் ஓட்டுக்குப் பொறக்கல'ன்னுருச்சு."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ராக்காயிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள், கைநாட்டு. அவள் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

வோட்டுப் போட்டேன். யாருக்கு என்று இதில்கூட எழுதமாட்டேன். யோகேஸ்வரனுக்கு இல்லை.

மே 8, வியாழன்

யோகேஸ்வரன் வென்றுவிட்டான். வெடி போட்டார்கள். வாளித் தண்ணீர்கூட ஆடியது.

மே 10, சனி

இரண்டு பேர் வந்தார்கள். சாதாரணச் சட்டைதான், ஆனால் காலில் சப்பாத்தைப் பார்த்தாலே பொலிஸோ ஆமியோ என்று தெரியும். ஒருத்தன் போனில் மேதினப் பேனரைக் காட்டி, உன் மகன் கொட்டியாவா என்று சிங்களத்தில் கேட்டான். புலியா என்று கேட்கிறான். இத்தனை வருசம் ஏன் மறைத்தாய் என்றான்.

எனக்கும் சிங்களம் வரும். சந்தையில் கற்றது, நன்றாகவே வரும். சொன்னேன்.

என் மகன் கான் வெட்டுகிறவன். தோட்டத்தில் அவன் வெட்டிய கானில் மழைத் தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது. கம்பெனி அவனுக்கு இரண்டு ஆள் வேலை கொடுத்து ஒரு ஆள் பேர் போட்டது. இரண்டாயிரத்தில் அட்டன் டவுனில் சுற்றிவளைத்துப் பிடித்தீர்கள். அடையாள அட்டையில் லயத்து நம்பர் மட்டும் இருக்கிறது, ரோட்டுப் பேர் இல்லை என்று சந்தேகம். பதினொரு நாள் வைத்திருந்தீர்கள். எனக்குத் தெரியாதா, அந்தப் பதினொரு நாளும் காம்ப்பைச் சுற்றிக் கான் வெட்டியது அவன்தான். வெளியே விட்டபோது கை முழுக்கக் கொப்புளம். இரண்டாயிரத்து ஐந்தில் முத்துவேலும் இவனும் கிளிநொச்சிப் பக்கம் தோட்ட வேலைக்கு லொறி ஏறினார்கள். கூலி கூட என்றார்கள். ஏழில் ஒரு கடிதம் வந்தது. "அம்மா, என் மண்வெட்டியைப் பார்த்துவிட்டு இங்கேயும் இயக்கத்து ஆட்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பங்கர் வெட்டுகிறேன். சாப்பாடு தருகிறார்கள், சம்பளம் இல்லை, வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள்." அவ்வளவுதான். யாருக்கும் துவக்குப் பிடித்துச் சுட்டவன் இல்லை. எல்லாருக்கும் குழி வெட்டியவன். ஒன்பதில் கந்தப்பளை ஆள் ஒருத்தர் முகாமிலிருந்து திரும்பி வந்து, சண்டையின் கடைசி மாதத்தில் கடற்கரையில் ஒரு கிழவியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்ததைப் பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

எழுதிக்கொண்டு போனார்கள். எதை எழுதினார்களோ. தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார்கள். போகும்போது ஒருத்தன் கூரையைப் பார்த்து, வெஸ்ஸட்ட தெமெனவத என்று கேட்டான். மழைக்கு நனையுமா என்கிறான். இதுவரை வந்தவர்களில் அதைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மே 16, வெள்ளி

அட்டனுக்குப் போனேன். யோகேஸ்வரன் ஆபீஸில் ஒரு பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஐயா கொழும்பு என்றாள். காணாமல்போனவர்கள் பட்டியலையும் கொண்டுபோனாரா என்று கேட்டேன். என்ன பட்டியல் என்றாள். படம்? அதெல்லாம் பிரிண்ட் அடிச்ச கடையில கேளுங்க பாட்டி.

கடைக்குப் போனேன். துரைராசா என்று ஒரு யாழ்ப்பாணத்து மனுசன். நல்ல மாதிரி ஆள், உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அம்மா, நான் அண்டைக்கே அவையிட்டத் திருப்பிக் குடுத்திட்டன். பழைய படம், கவனமா வையுங்கோ எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

கம்ப்யூட்டரில் இருக்குமே, ஒன்று அடித்துத் தாருங்கள் என்றேன்.

"எலெக்சன் வேலை எல்லாம் முடிய அழிச்சுப்போடுவன் அம்மா. பிறகு ஆரும் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது." கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "என்ர தமையனையும் இப்படித்தான் தேடினனாங்கள்" என்றார். கிடைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் கொட்டகலை தாண்டும்வரை யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருத்தனும் அடுத்தவனிடம் கொடுத்தேன் என்கிறான். கையில் வாங்கியவன் என்று ஒருத்தனும் இல்லை.

மே 21, புதன்

ஹோட்டலில் மழை. வெள்ளைக்காரர் யாரும் வெளியே வரவில்லை. மூன்று மணி நேரம் கூடையோடு தகரக் கொட்டிலில் நின்றேன். மேனேஜர் நோனா பாதிக் காசு கொடுத்தாள். ஏன் என்றேன். படம் எடுக்கவில்லையே என்றாள்.

படத்துக்கு நிற்கிறதுக்கும் அரைப் பேர்.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பிரேமினி முகம் செத்துவிட்டது. "என் வேலைக்கு ஒன்னும் ஆகாதுல்ல அம்மாச்சி" என்றாள். பாவம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு வாரமாக விடாத மழை. கொத்மலை அணையில் கதவு திறந்துவிட்டார்களாம். இரண்டாவது வாளியும் வைத்தாயிற்று.

கிராம சேவகர் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். சிவசாமி பேரில் ஒரு தாள். "இப்பதான் நீங்களே செத்துட்டாருன்னு மேடையில ஏத்துக்கிட்டீங்களே, மரணச் சான்றிதழ் எடுத்துட்டா நட்டஈடு சுலபம்" என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

நான் ஏற்றுக்கொள்ளவில்லை, நின்றேன், அவ்வளவுதான் என்றேன். தாளில் 'வரவில்லை' என்று எழுதச் சொன்னேன். அப்படி ஒரு கட்டம் இல்லை என்றார். கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள் என்று சொல்லி, எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுதினார்.

ஆனால் அவன் முகம் மங்குகிறது. படம் இருந்தவரைக்கும் தெரியவில்லை. இப்போது கண்ணை மூடினால் பேனர்தான் வருகிறது, அந்த அச்சு மாலையோடு. என் பிள்ளையின் முகத்தை எனக்கே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அழகம்மா வேலை முடிந்து வந்தவள் கூடையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. அண்ணன் மூஞ்சி தலைவர் வீட்டு மாட்டுப்பட்டி மேல கெடக்கு."

போனேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பேனரை மாட்டுப்பட்டிக் கூரைக்கு விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறான் செல்லசாமி. ஒரு கல் என் மகன் கன்னத்தில். கோழி ஏறி நடக்கிறது. யோகேஸ்வரன் மேல் சாணி, அது பரவாயில்லை.

உள்ளே போய்க் கேட்க வேண்டும். கேட்பதென்றால் ராக்காயி முற்றத்தில் கால் வைக்க வேண்டும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

என்ன பிறவி நான்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கும் போய் நின்றேன். அவளும் பார்த்தாள். பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கும். மழையில் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உரிகிறது. இன்னும் ஒரு மாதம் கிடந்தால் முகமும் போய்விடும்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசலில் நிழல். நிமிர்ந்தால் ராக்காயி. கையில் மடித்த மூட்டை. எழுபத்தைந்து வயசு, மேட்டுலயத்துக்கு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

படியில் வைத்தாள். "சாணி போக மூணு தரம் தேச்சேன். மூலையில கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அது கல்லு வச்சது."

"ஒக்காரு" என்றேன். நாற்பத்தொரு வருசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான்.

உட்காரவில்லை. "செல்லசாமிகிட்ட சண்ட போட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். அவனுக்கு மாடு நனையுதேன்னு கவலை. அவன் மகனுக்கு வேலை போட்டுத் தர்றேன்னான் அந்த யோகேஸ்வரன், இப்ப போனே எடுக்க மாட்டேங்குறான். ஒரு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுறான். திரியட்டும்."

தேத்தண்ணி வைத்தேன். அழகம்மாவும் அவளும் நானுமாகப் பேனரைத் தரையில் விரித்தோம். வீட்டுக்குள் முழுசாக விரிக்க இடம் இல்லை, யோகேஸ்வரன் வாசலுக்கு வெளியே கிடந்தான். சிவசாமி அடுப்படியிலிருந்து கட்டில்வரை. நான் காதோரம், நெற்றி, மீசை முளைத்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தேன். ராக்காயி கழுத்துப் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இதென்னடி, மேல் பட்டன் மட்டும் இம்புட்டுப் பெருசா இருக்கு? கோட்டுப் பட்டன் மாதிரி."

நான் அழகம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து அந்தப் பட்டனை விரலால் தொட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ராக்காயி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னாள்:

"அன்னைக்கு ஏழு செடி இல்ல. அஞ்சுதான்."

"ஏழு."

"அஞ்சு. முத்துவேல் வயித்துல இருந்தான். மயக்கமா இருந்துச்சு. அஞ்சுக்கு மேல என்னால முடியல."

போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் பேனரை வெட்டினேன். அடியில் இருந்த எழுத்தை முதலில் வெட்டி எடுத்து அடுப்பில் வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை, கதவைத் திறந்து வைத்தோம். மாலையை வெட்ட முடியவில்லை, அது கழுத்தோடு ஒட்டி அடித்திருக்கிறது. அதன் மேல் கலண்டர் தாளை ஒட்டினேன். பட்டன் மறையாதபடி ஒட்டினேன்.

யோகேஸ்வரனை இரண்டாக வெட்டினேன். கும்பிட்ட கை அழகம்மாவுக்கு, மழைக்கு இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். நனையவில்லை என்கிறாள். தலை, ஒழுகுகிற இடத்தில் கூரைக்கு அடியில் ஆணி அடித்துக் கட்டியிருக்கிறது. அவன் நெற்றியில் தண்ணீர் சேர்ந்து ஓரமாக வாளிக்கு இறங்குகிறது. முதல் தடவையாக ஒரு சபை மெம்பர் எங்கள் கூரைக்கு ஒரு வேலை செய்கிறான்.

சிவசாமியையும் கூரைக்குக் கட்டலாம் என்று அழகம்மா சொன்னாள், இன்னொரு மூலையும் ஒழுகுகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வேண்டாம். அவனை எல்லாரும் எதற்காவது பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். காய்ந்த சுவர்ப் பக்கம் மாட்டியிருக்கிறேன். சும்மா இருக்கட்டும்.

ஜூலை 3, வியாழன்

சின்னப் படம் கிடைக்கவில்லை. செல்லசாமி தேடுகிறானாம். காதைச் சொறிந்தான்.

ராக்காயி அந்தியில் வந்தாள். சிவசாமிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, அதற்குள்ளிருந்து முத்துவேலை எடுத்தாள். தீப்பெட்டி அளவு. நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக் காட்டினாள். நான் பார்த்து முடிக்கும்வரை காட்டிவிட்டு, மறுபடி மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

அதுதான் சரி.

மழை பிடித்துக்கொண்டது. அவள் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வாளியில் சொட்டு விழுகிறதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் எழுந்து போனாள். நாளைக்கு வருவாளா தெரியாது. வந்தால் வரட்டும்.

ஏழு செடி. அவள் அஞ்சு என்கிறாள். மலைக்குப் போய் எண்ணினாலும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. முழுப் பேர் போடமாட்டேன். இன்றைக்கு ராக்காயிக்கு அரைப் பேர் போட்டிருக்கிறேன்.